கேளுங்க அண்ணாச்சி: குறுக்குத்துறை மண்டபமும் கலர் பாரும்

போன இதழில் கடைசி வரியாக, ‘கம்ப்யூட்டர் சிமுலேஷன் முடிவைப் படமாக்கி மேடையில் காட்டுவதில் சந்தேகம் இருந்தால் எழுதுங்கள்’ என்று சும்மா ஒரு வரி போட்டேன். வெள்ளம், காற்று மாதிரியானவை எப்படிப் போகும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுப் பார்ப்பதுதான் சிமுலேஷன். கடிதமும் வாட்ஸ்அப்பும் வந்து குவிந்துவிட்டன. பாதிக்கு மேல் நம்ம பக்கத்து என்ஜினீயரிங் பிள்ளைகள். வைவா (வாய்மொழித் தேர்வு) நெருங்குகிறது போல.

அண்ணாச்சி, எம்.இ. இரண்டாம் வருடம். தாமிரபரணியில் கொக்கிரகுளம் பக்கம் சில கிலோமீட்டர் நீளத்துக்கு வெள்ளம் எப்படிப் பரவும் என்று ஹெக்-ராஸ் என்கிற வெள்ளக் கணக்கு மென்பொருளில் சிமுலேஷன் போட்டு அனிமேஷனும் எடுத்துவிட்டேன். ரிவ்யூவில் கைடு பார்த்துவிட்டு, “முதல் மணி நேரத்திலேயே ஆறு சிவப்பா இருக்கு, உச்ச வெள்ளத்திலேயும் அதே சிவப்புதான், அப்போ என்னதான் மாறிச்சு?” என்று கேட்டார். முழித்தேன். எங்கே தப்பு?
– மாணவர், வண்ணார்பேட்டை

தம்பி, குறுக்குத்துறைக்குப் போயிருப்பீர்கள். ஆற்றுக்குள்ளேயே இருக்கிற முருகன் கோயில். வெள்ளம் வந்தால் நம் ஊர்க்காரர்கள் அடிக்கணக்கும் கேட்பதில்லை, கனஅடிக்கணக்கும் கேட்பதில்லை. ‘மண்டபம் பாதி முங்கிட்டு’, ‘சாமியை மேலக்கோயிலுக்குக் கொண்டுபோயாச்சு’ என்று யாராவது சொன்னால் போதும், எவ்வளவு தண்ணீர் என்று டவுனிலிருந்து பாளையங்கோட்டை வரை எல்லாருக்கும் விளங்கிவிடும். மண்டபம் நகராமல் ஒரே இடத்தில் நிற்கிறது, அதனால் விளங்குகிறது. தண்ணீர் ஏற ஏற மண்டபமும் தெப்பம் மாதிரி மிதந்து கூடவே ஏறியிருந்தால், என்றைக்குப் போய்ப் பார்த்தாலும் பாதி மண்டபம்தான் முங்கியிருக்கும், இல்லையா? உங்கள் அனிமேஷனில் மண்டபம் மிதக்கிறது.

நடந்தது இவ்வளவுதான். கலர் பாரை, அதாவது எந்த நிறம் எந்த எண் என்று ஓரத்தில் காட்டுகிற பட்டையை, தானாகச் சரிசெய்யும்படி விட்டுவிட்டீர்கள். மென்பொருள் ஒவ்வொரு ஃபிரேமிலும் இருக்கிற குறைந்த ஆழத்தை நீலமாகவும் அதிக ஆழத்தைச் சிவப்பாகவும் இழுத்துக்கொள்கிறது. முதல் மணியில் அதிக ஆழம் 1.2 மீட்டர் என்றால் அது சிவப்பு. உச்சத்தில் 7.8 மீட்டர் வந்தால் அதுவும் சிவப்பு. ஓரத்தில் இருக்கிற எண்கள் ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறிக்கொண்டுதான் இருந்திருக்கும், ஆனால் ஓடுகிற படத்தில் அதை எந்தக் கைடு வாசிப்பார்?

முதலில் எல்லா நேரப் புள்ளிகளையும் சேர்த்துப் பார்த்து, அதிகபட்ச ஆழம் எவ்வளவு என்று எடுங்கள். 7.8 வந்தால் 8 என்று முழு எண்ணாக்கி, 0 முதல் 8 வரை கையால் அடித்துப் பூட்டிவிடுங்கள். படம் போடுவது பாராவியூ என்கிற மென்பொருளில் என்றால் ‘கஸ்டம் ரேஞ்ச்’ கொடுக்கிற இடம் கலர் பட்டன்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. நீங்கள் ஹெக்-ராஸ் என்பதால் கியூஜிஐஎஸ் என்கிற வரைபட மென்பொருள் உங்களுக்கு இன்னும் லேசு. ஹெக்-ராஸ் முடிவை எழுதிவைக்கிற எச்டிஎஃப் கோப்பை அது மெஷ் லேயராக, அதாவது கணக்குப் போட்ட கட்ட வலையாகவே, திறக்கும், ஸ்டைல் பகுதியில் மினிமம், மேக்ஸிமம் இரண்டையும் நீங்களே எழுதிவிடலாம். கலர் பாரில் 0, 2, 4, 6, 8 என்று ஐந்தே எண்கள், பக்கத்தில் ‘ஆழம் (மீ)’. 7.8342 என்றெல்லாம் தொங்கவிட்டால் அவ்வளவு துல்லியமாகத் தெரியும் என்று நாமே ஒரு பொய் சொன்ன மாதிரி ஆகிவிடும்.

அப்புறம் அணையிலிருந்து கூடுதலாகத் திறந்தால் ஒன்று, குறைத்துத் திறந்தால் ஒன்று என்று இரண்டு ஓட்டம் போட்டிருப்பீர்கள், எல்லாரும் போடுவார்கள். இரண்டுக்கும் அதே 0–8தான். வித்தியாசம் கண்ணுக்குப் படவில்லை என்றால் ஒன்றிலிருந்து இன்னொன்றைக் கழித்து வருகிற வித்தியாசத்தையே மூன்றாவது படமாகப் போடுங்கள். அநேகமாக அதுதான் உங்கள் தீசிஸின் நல்ல படமாக இருக்கும்.

சின்ன விஷயம் இரண்டு. 5 சென்டிமீட்டருக்குக் குறைவான ஆழமுள்ள தண்ணீரை மறைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் வயல் முழுக்க மெல்லிய நீலம் பூசி, ஜில்லாவே முங்கின மாதிரி தெரியும். மூலையில் ‘டைம் ஸ்டெப் 4320’ என்று கிடந்தால் யாருக்கு என்ன புரியும்? 10 நொடிக்கு ஒரு ஸ்டெப் என்றால் அது 12ஆவது மணி நேரம், அப்படியே எழுதுங்கள். 1843இல் கட்டிய சுலோசன முதலியார் பாலத்தை மங்கலாக ஒரு கோடாகவாவது போட்டுவையுங்கள். அது தெரிந்துவிட்டால் பார்க்கிறவர் மிச்ச ஊரைத் தானே கண்டுபிடித்துக்கொள்வார்.

வணக்கம் அண்ணாச்சி. மன்னார் வளைகுடாவின் கடல் வெப்பநிலை மாடல் செய்கிறேன். படத்துக்கு, கரு ஊதாவில் தொடங்கிப் பச்சை வழியாக மஞ்சளில் முடிகிற ‘விரிடிஸ்’ கலர் வரிசை போட்டேன். எங்கள் துறையில் ஒரு மூத்தவர், “என்னம்மா இது, பாசி பிடிச்ச குளம் மாதிரி? பழையபடி வானவில் கலரே போடு, பளிச்சுனு இருக்கும்” என்கிறார். எதிர்த்துப் பேசவும் முடியவில்லை.
– ஆய்வு மாணவி, பாளையங்கோட்டை

பாசி பிடித்த குளம்! அவரைத் திட்டவும் மனசு வரவில்லை, விரிடிஸைப் பார்த்தால் கொஞ்சம் அப்படித்தான் இருக்கிறது. ஆனாலும் நீங்கள் செய்ததுதான் சரி.

வானவில் கலரில், அதாவது ‘ஜெட்’ என்கிறோமே அதில், என்ன கோளாறு என்றால், எண் சீராக ஏறும்போது வெளிச்சம் சீராக ஏறுவதில்லை. கருநீலத்தில் இருட்டாகத் தொடங்கி, ஆகாய நீலம், மஞ்சள் பக்கம் வரும்போது பளீரென்று ஆகி, மறுபடி கருஞ்சிவப்பில் இருட்டாகி முடிகிறது. கண் முதலில் பிடிப்பது வெளிச்சத்தை, நிறத்தின் பெயரை அல்ல. உங்கள் கடல் 26 முதல் 30 டிகிரி வரை என்று வையுங்கள். ஜெட் போட்டால் 28.5 டிகிரிக்குப் பக்கத்தில் பளிச்சென்று ஒரு மஞ்சள் பட்டை விழும். பார்க்கிறவர், ‘ஓஹோ, இங்கே ஏதோ எல்லை இருக்கு, குளிர்ந்த தண்ணியும் வெதுவெதுப்பான தண்ணியும் இங்கேதான் முட்டுது’ என்று நினைப்பார். கடலில் அப்படி ஒன்றும் இல்லை. கலரில் இருக்கிறது. அதே நேரத்தில் பச்சைப் பகுதிக்குள்ளே உண்மையாகவே ஒரு மாற்றம் இருந்தால், எல்லாம் ஒரே பச்சையாகத் தெரிந்து அது அமுங்கிப்போகும்.

இது நானாகச் சொல்கிற பேச்சும் இல்லை. மேட்லாப் என்கிற கணக்கு மென்பொருள் 2014லேயே ஜெட்டைக் கழற்றிவிட்டு ‘பருலா’வை வைத்தது. பைத்தான் நிரல்மொழியில் படம் வரைகிற மேட்பிளாட்லிப் 2017இல் வந்த 2.0 பதிப்பிலிருந்து விரிடிஸைத்தான் முதல் கலராக வைத்திருக்கிறது. சிவப்பு–பச்சை பிரித்தறிய முடியாத ஆண்கள் எந்தக் கூட்டத்திலும் ஓரிருவர் இருப்பார்கள், அதில் ஒருவர் உங்கள் தேர்வாளராகவும் இருக்கலாம்; வானவில் அவரைக் குழப்பும், விரிடிஸ் குழப்பாது.

மூத்தவரிடம் வாதாட வேண்டாம். இரண்டு படத்தையும் எடுத்துக்கொண்டு பக்கத்து ஜெராக்ஸ் கடைக்குப் போய்க் கறுப்பு வெள்ளையில் ஒரு காப்பி எடுத்து அவர் மேசையில் வையுங்கள். விரிடிஸ் காப்பியில் எது சூடு, எது குளிர்ச்சி என்று அப்போதும் சொல்லலாம். ஜெட் காப்பியில் 26 டிகிரியும் 30 டிகிரியும் ஒரே சாம்பலாக இருக்கும். இதற்கு மேல் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. அப்படியும் அவர் பளிச்சுதான் வேண்டும் என்று நின்றால், ‘டர்போ’ என்று ஒன்று இருக்கிறது. 2019இல் கூகுள் ஆட்கள் வெளியிட்டது. வானவில் மாதிரியே இருக்கும், ஜெட் அளவுக்கு ஏமாற்றாது. நான் பரிந்துரைப்பது இல்லை, சமாதானத்துக்கு ஆகும்.

கடல் வேலைக்கென்றே ‘சிஎம்ஓஷன்’ என்று ஒரு கலர்த் தொகுப்பும் இருக்கிறது. வெப்பத்துக்கு ஒன்று, உப்புத்தன்மைக்கு ஒன்று என்று தனித்தனியாகப் போட்டுவைத்திருக்கிறார்கள். வழக்கமான வெப்பநிலையிலிருந்து எவ்வளவு கூட, எவ்வளவு குறைய என்று காட்டுகிற படம் என்றால் மட்டும் வேறு கணக்கு. நடுவில் பூஜ்யம் வெள்ளையாகவும், கூடினால் சிவப்பு, குறைந்தால் நீலம் என்று இரண்டு பக்கமும் சமமாகவும் விரிகிற கலர் வேண்டும். -1 முதல் +3 வரை என்று ஒரு பக்கம் இழுத்துவிட்டு வெள்ளையை +1இல் கொண்டு நிறுத்தாதீர்கள். நிறைய பேர் செய்கிறார்கள்.

பின்னணி கறுப்பா, வெள்ளையா?
– ஒற்றை வரிக் கடிதம், தென்காசி

வெள்ளை. நம்ம ஊர் செமினார் ஹாலில் ஜன்னலுக்குத் திரை இருந்தால் கொக்கி இருக்காது. புரொஜெக்டரால் கறுப்பைப் பாய்ச்ச முடியாது, வெளிச்சம் விழுந்த திரை என்ன நிறமோ அதுதான் உங்கள் கறுப்பு. இருட்டு அறையில் காட்டுகிற வீடியோ என்றால் கறுப்பு நன்றாக இருக்கும்.

எல்லாரும் அண்ணாச்சி என்று எழுதுகிறார்கள், எனக்கு வயது 58, அதனால் தம்பி என்றே கூப்பிடுகிறேன். லீவுக்கு வந்திருக்கிற என் மகன் ராத்திரி ரெண்டு மணி வரை லேப்டாப்பில் சிவப்பும் நீலமுமாகப் புகை சுற்றுவதையே பார்த்துக்கொண்டு இருக்கிறான். கேட்டால் ‘ஃபுளோம்மா’ என்கிறான். இது படிப்புதானா?
– பெயர் வேண்டாம், கல்லிடைக்குறிச்சி

படிப்புதான் அக்கா, கவலைப்படாதீர்கள். மார்கழியில் வாசலில் புள்ளி வைக்கிறீர்கள் அல்லவா, அவன் காற்றுக்குள்ளேயோ தண்ணீருக்குள்ளேயோ புள்ளி வைத்திருக்கிறான். மேலேயும் கீழேயும் பக்கத்திலேயுமாக லட்சக்கணக்கில். ஒவ்வொரு புள்ளியிலும் வேகம் என்ன, அழுத்தம் என்ன என்று கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு எண்ணாகத் தருகிறது. புள்ளிகளுக்கு நடுவில் அதற்கு ஒன்றும் தெரியாது. கோடு இழுப்பது அவன் வேலை. ஒரே எண் வருகிற இடங்களையெல்லாம் இணைத்து ஒரு தோல் மாதிரி போர்த்துவார்கள், அதற்கு ‘மார்ச்சிங் கியூப்ஸ்’ என்று ஒரு முறை, லாரன்சன், கிளைன் என்று இரண்டு பேர் 1987இல் வெளியிட்டது. மருத்துவமனை ஸ்கேன் படத்துக்காக யோசித்தது, இன்றைக்குப் புகை, வெள்ளம், புயல் எல்லாவற்றுக்கும் பயன்படுத்துகிறார்கள். நீங்கள் பார்த்த புகை அநேகமாக அந்தத் தோலாக இருக்கும்.

ரெண்டு மணி வரை விழிப்பதற்கு மட்டும் நான் பொறுப்பில்லை. ஒருவேளை படம் வருவதற்காகக் காத்துக்கொண்டிருக்கிறானோ என்னவோ. காலையில் அவனிடம், ‘இந்த எண்ணுக்கு ஏன் தோல் போர்த்தினே, வேற எண்ணுக்குப் போர்த்தினா என்ன ஆகும்’ என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். திணறினால் எனக்கு எழுதுங்கள்.

கயத்தாறு பக்கம் இருக்கிற மாதிரி ஒரு காற்றாலை வரிசையை சிமுலேட் செய்தேன். டேட்டா கல்லூரி சர்வரில் 400 ஜிபி கிடக்கிறது. என் லேப்டாப் 8 ஜிபி ரேம். பாராவியூவில் திறந்து, ஒரு பகுதியை வெட்டிக் காட்ட ‘கிளிப்’ கொடுத்ததும் மௌஸ்கூட நகரமாட்டேன் என்கிறது. புது லேப்டாப் வாங்கச் சொல்லி அப்பாவிடம் கேட்கலாமா?
– மாணவர், கோவில்பட்டி

அப்பாவை விட்டுவிடுங்கள் தம்பி. 400 ஜிபியை எந்த லேப்டாப்பும் விழுங்காது.

கணக்கைப் பார்ப்போம். நீளம், அகலம், உயரம் மூன்றிலும் 500 புள்ளி என்றால் மொத்தம் 12.5 கோடிப் புள்ளி. ஒரு எண்ணுக்கு 4 பைட். ஆக அழுத்தம் மட்டும் 500 எம்பி. வேகத்துக்கு மூன்று திசை, 1.5 ஜிபி. ஒரு நேரப் புள்ளிக்கு 2 ஜிபி, 200 நேரப் புள்ளிக்கு நீங்கள் சொன்ன 400 ஜிபி. ஒன்றை மட்டும் திறந்தால்கூட 2 ஜிபி போய்விடும், அதுவரைக்கும் லேப்டாப் தாங்கும். அதற்கு அப்புறம் நீங்கள் கொடுத்த கிளிப்தான் குடியைக் கெடுத்தது. உங்கள் கட்டம் ஒழுங்கான கட்டம், எந்தப் புள்ளிக்குப் பக்கத்தில் எந்தப் புள்ளி என்று தனியாக எழுதிவைக்க வேண்டியதில்லை. கிளிப்போ, குறிப்பிட்ட எண்களுக்குள் வருவதை மட்டும் எடுக்கிற திரெஷோல்டோ கொடுத்த உடனே அது ஒழுங்கில்லாத மெஷ்ஷாக மாறி, ஒவ்வொரு செல்லுக்கும் (சின்னக் கட்டத்துக்கும்) அதன் மூலைகள் எவை என்று பட்டியல் எழுத ஆரம்பிக்கும். நினைவகம் பல மடங்கு வீங்கிவிடும். அதனால் முதலில் ‘எக்ஸ்ட்ராக்ட் சப்செட்’. காற்றாலைக்குப் பின்னால் இருக்கிற பகுதியை மட்டும் வெட்டி எடுங்கள், ஒவ்வொரு திசையிலும் ஒன்று விட்டு ஒன்று எடுத்தாலே எட்டில் ஒரு பங்கு ஆகிவிடும்.

அதைவிட நல்ல வழி, சர்வரிலேயே வெட்டி, வெட்டியதை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவருவது. ஒரு குறுக்குவெட்டு என்பது 500 × 500, இரண்டரை லட்சம் புள்ளி, ஓர் அளவுக்கு 1 எம்பி. நான்கு அளவும் 200 நேரமும் சேர்ந்தாலும் 800 எம்பிதான், பென்டிரைவில் வரும். லேப்டாப்பில் சின்ன டேட்டாவை வைத்து எல்லாம் சரிபார்த்து பைத்தான் ஸ்கிரிப்டாகச் சேமித்துக்கொண்டு, சர்வரில், பாராவியூவைத் திரையில்லாமல் ஓட்டுகிற ‘பிவிபேட்ச்’ கொடுத்து ராத்திரி ஓடவிட்டுத் தூங்குங்கள். (கல்லிடைக்குறிச்சி அக்கா மகனும் இதைப் படித்தால் நல்லது.)

முப்பரிமாணப் படம் ஒன்று போதும், அதுவும் முதல் ஸ்லைடில், காற்றாலை எப்படி நிற்கிறது என்று காட்ட. காற்றாலைக்குப் பின்னால் காற்று எவ்வளவு தளர்ந்து போகிறது என்பதுதானே உங்கள் விஷயம். அச்சு உயரத்தில் தரைக்கு இணையாக ஒரு வெட்டு எடுத்தால் அந்த வால் நீளமாகத் தெரியும். அப்புறம் இறக்கை வட்டத்தின் விட்டத்தைப் போல 2, 4, 6, 8 மடங்கு தூரத்தில் செங்குத்தாக நான்கு வெட்டு, பக்கத்தில் பக்கத்தில், ஒரே கலர் பாரோடு. பின்னால் அடுத்த காற்றாலையை எங்கே நடலாம் என்று கேட்கிறவருக்கு இந்த நான்கு படமே பதில் சொல்லிவிடும். சுற்றிச் சுற்றி வருகிற காமிரா வீடியோ பார்க்க ஜோராகத்தான் இருக்கும், ஆனால் சுற்றி முடித்ததும் யாருக்கும் ஒரு எண்கூட ஞாபகம் இருக்காது.

ஸ்ட்ரீம்லைன், அதாவது காற்று போகிற வழியைக் காட்டுகிற கோடு, போடுகிறீர்கள் என்றால் சூரசம்ஹாரத்தன்று திருச்செந்தூர் கடற்கரை மாதிரி நெருக்கிவிடாதீர்கள். முப்பது கோடு தாராளம். எங்கிருந்து கோடு கிளம்புகிறது என்பதை நீங்கள்தான் முடிவு செய்கிறீர்கள், அதனால் அதைப் படத்துக்குக் கீழே ஒரு வரி எழுதுங்கள். இன்னொன்று, இறக்கை நுனிக்குப் பக்கத்தில் ஏதாவது ஒரு பாழாய்ப்போன செல்லில் வேகம் நொடிக்கு 90 மீட்டர் என்று வந்திருக்கும். அதற்காகக் கலர் பார் 90 வரை நீண்டு, 4 முதல் 12 வரை இருக்கிற உங்கள் காற்று முழுக்க ஒரே நீலமாகிவிடும். 0 முதல் 14 வரை என்று பூட்டுங்கள், ‘14க்கு மேல் வேறு நிறம்’ என்று எழுதிவிடுங்கள். மறைத்தீர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் 90 ஏன் வந்தது என்று பார்க்காமல் விட்டுவிடாதீர்கள், அது படத்தின் சங்கதி இல்லை, மெஷ்ஷின் சங்கதி.

பிபிடியில் போட்ட வீடியோ என் லேப்டாப்பில் ஓடுகிறது, செமினார் ஹால் கம்ப்யூட்டரில் கறுப்புப் பெட்டியாக வருகிறது.
– விரிவுரையாளர், சங்கரன்கோவில்

எனக்கும் நடந்திருக்கிறது. நாகர்கோவில் பக்கம் ஒரு கருத்தரங்கில் வீடியோ வராமல், சுழல் எப்படிச் சுற்றுகிறது என்று இரண்டு கையையும் வைத்துச் சுற்றிக் காட்டினேன். முன்வரிசையில் ஒருவர் கைதட்டியே விட்டார், பரதநாட்டியம் என்று நினைத்தாரோ என்னவோ. தப்பு என்னுடையது, ஏவிஐ கோப்பாக எடுத்துக்கொண்டு போயிருந்தேன்.

மென்பொருளிலிருந்து நேரடியாக வீடியோவாக எடுக்காதீர்கள். ஃபிரேம்களைப் பிஎன்ஜி படங்களாகச் சேமியுங்கள். பாதியில் கரண்ட் போனால்கூட அதுவரை எடுத்தது இருக்கும். அப்புறம் எஃப்எஃப்எம்பெக் என்கிற வீடியோ மாற்றும் மென்பொருளில் கொடுத்து எச்.264 எம்பி4 ஆக்குங்கள். பிக்சல் ஃபார்மேட் ‘ஒய்யூவி420பி’ (yuv420p) என்று கண்டிப்பாகக் கொடுக்க வேண்டும், அதை விட்டால்தான் பல இடத்தில் கறுப்புப் பெட்டி. படத்தின் அகலமும் உயரமும் இரட்டைப்படை எண்ணாக இருக்க வேண்டும், 1921 என்று இருந்தால் அது அடம்பிடிக்கும். நொடிக்கு 30 ஃபிரேம் என்றால் 300 படத்துக்கு 10 நொடி. அதற்கு மேல் ஓட்டினால் ஜனம் போனை எடுத்துவிடும். இந்த முறையில் நிறத்தைப் பாதி நுணுக்கத்தில்தான் சேமிக்கும், அதனால் மெல்லிய சிவப்புக் கோடும் சிவப்பு எழுத்தும் கசங்கும். எழுத்தை எல்லாம் வீடியோவுக்கு வெளியே ஸ்லைடிலேயே எழுதுங்கள்.

வீடியோ ஸ்லைடுக்கு அடுத்த ஸ்லைடில் தொடக்கம், நடு, முடிவு என்று மூன்று படம் வைத்துவிடுங்கள். வீடியோ ஓடினாலும் அந்த ஸ்லைடில் நின்றுதான் பேசுவீர்கள், பாருங்கள்.

ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில் ஏ0 போஸ்டர் அடித்தேன். படம் எல்லாம் கலங்கிப்போய், தமிழ் எழுத்து கட்டம் கட்டமாக வந்துவிட்டது. கடைக்காரர், “நீங்க குடுத்ததுதான் வந்திருக்கு” என்கிறார்.
– மாணவி, அம்பாசமுத்திரம்

அவர் சொல்வது உண்மைதான் தங்கச்சி. ஏ0 படுக்கைவாட்டில் 1189 மில்லிமீட்டர் அகலம், 46.8 அங்குலம். உங்கள் லேப்டாப் திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் 1366 பிக்சல். வகுத்துப் பாருங்கள், அங்குலத்துக்கு 29தான் வரும். கிட்டே நின்று பார்க்கிற போஸ்டருக்கு 150ஆவது வேண்டும், அதாவது முழு அகலத்துக்கு ஏழாயிரம் பிக்சல். பாராவியூவில் ‘சேவ் ஸ்கிரீன்ஷாட்’ கொடுத்தால் எத்தனை பிக்சல் என்று நீங்களே எழுதலாம், எழுத்தும் கூடவே பெரிதாகும்படி ஒரு தேர்வு இருக்கிறது, அதையும் போடுங்கள். கிராஃப், அச்சுக்கோடு, எழுத்து எல்லாம் பிடிஎஃப் அல்லது எஸ்விஜியாக எடுத்தால் எவ்வளவு பெரிதாக்கினாலும் கலங்காது. ஜேபெக் வேண்டவே வேண்டாம், கோட்டைச் சுற்றி ஈ மொய்த்த மாதிரி அழுக்கு விழும்.

கடைக்கு வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினீர்களா? அனுப்பியிருப்பீர்கள். அது படத்தைச் சுருக்கிவிடும். டாக்குமெண்டாக அனுப்புங்கள், இல்லையென்றால் பென்டிரைவ். தமிழ் எழுத்துக்கு, யூனிகோட் எழுத்துருவில் அடித்து, எழுத்துருவை உள்ளேயே பதித்த பிடிஎஃப் ஆக்கி, கடைக்காரர் கம்ப்யூட்டரில் திறந்து ஒரு தரம் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் ‘அடிங்க அண்ணே’ என்று சொல்ல வேண்டும். திரையில் தகதகவென்று இருக்கிற நீலமும் பச்சையும் மையில் கொஞ்சம் மங்கத்தான் செய்யும், முதலில் ஒரு ஏ4இல் அடித்துப் பாருங்கள்.

நான் படித்தவன் இல்லை, ஓய்வுபெற்ற தபால்காரன். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். போன மாதம் பேரன் கூட்டிப்போன ஒரு கல்லூரிக் கண்காட்சியில் அந்த வெள்ளத்தை கம்ப்யூட்டரில் போட்டுப் படம் காட்டினார்கள். எங்கள் தெரு அதில் காய்ந்து கிடக்கிறது. அழகான படம். கேட்டால், “மாடல் அப்படித்தான் சொல்லுது தாத்தா” என்கிறார்கள். தண்ணீரில் நின்றது நானா மாடலா?
– வாசகர், சிந்துபூந்துறை

நீங்கள்தான் ஐயா.

அந்தப் பிள்ளைகள் பொய் சொல்லவில்லை, படம்தான் தனக்குத் தெரிந்ததைவிடக் கூடுதலாகப் பேசிவிட்டது. இப்படிப் போடுகிற மாடல் பலவற்றில் தரை உயரத்துக்கு, 2000ஆம் வருடம் பிப்ரவரியில் அமெரிக்க விண்வெளி ஓடம் ஒன்று ரேடார் வைத்து அளந்ததை எடுத்துப் போடுவார்கள், சும்மா கிடைக்கிறது என்பதால். அதில் 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. உங்கள் தெருவும் எதிர்வரிசை வீடும் பின்னால் இருக்கிற தென்னையும் சேர்ந்து ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும். போதாததற்கு அந்த ரேடார் கூரையையும் மர உச்சியையும் தரை என்று எடுத்துக்கொள்கிற இடம் உண்டு. உயரத்தில் 16 மீட்டர் வரை பிசகு இருக்கலாம் என்றுதான் அதைத் திட்டமிட்டவர்களே வைத்திருந்தார்கள். பெரும்பாலான இடத்தில் அதைவிட நன்றாகவே வந்திருக்கிறது, ஆனாலும் இடுப்பளவு தண்ணீர் என்பது ஒரு மீட்டர்தானே. தரையே இரண்டு மீட்டர் மேலே என்று நினைத்துக்கொண்டால் உங்கள் தெரு காயாமல் என்ன செய்யும்?

இதையெல்லாம் அந்தப் படம் சொல்லியிருக்க வேண்டும். 30 மீட்டர் கட்டத்தைக் கட்டமாகவே காட்டியிருந்தால், ‘இவ்வளவு மொத்தையாகத்தான் தெரியும்’ என்று பார்க்கிறவருக்கு விளங்கியிருக்கும். ஓரத்தை வழுவழுவென்று இழைத்து, கீழே சாட்டிலைட் படத்தை விரித்து, தெருத்தெருவாக நீலம் தீட்டினால், வீட்டு வாசல் வரை தெரியும் போல ஒரு மயக்கம் வந்துவிடுகிறது. அந்த மழைக்கு எந்த ஊர் மழைமானியை எடுத்தார்கள் என்பதும் கேட்க வேண்டிய கேள்விதான். அன்றைக்கு 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர், திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று அவ்வளவு தூரம்கூட இல்லை, அதற்குள் இத்தனை வித்தியாசம். ஒரே எண்ணை ஜில்லா முழுக்கப் பரப்பினால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் ஓர் உதவி செய்ய வேண்டும் ஐயா. சுவரில் தண்ணீர் நின்ற கறை இன்னும் இருந்தால், தெருத் தரையிலிருந்து அது எத்தனை சென்டிமீட்டர் என்று பேரனை விட்டு டேப் பிடித்து அளக்கச் சொல்லுங்கள். எத்தனை மணிக்கு அந்த அளவுக்கு வந்தது என்று ஞாபகம் இருந்தால் அதையும் எழுதுங்கள், கடிதம் கொண்டுபோய்க் கொடுத்தவர், தெருவில் எந்த வீட்டில் எதுவரை ஏறியது என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்? இந்தப் பக்கத்தின் முதல் கேள்வியைக் கேட்ட வண்ணார்பேட்டை தம்பி ஆற்றுக்கு அக்கரையில்தான் இருக்கிறார். அவருடைய வெள்ளப் படத்தில் உங்கள் தெருவில் ஒரு புள்ளி வைத்து, ‘கணக்கு இவ்வளவு சொல்கிறது, சுவர் இவ்வளவு சொல்கிறது’ என்று இரண்டு எண்ணையும் எழுதட்டும். இரண்டு பேருக்கும் சம்மதம் என்றால் போன் நம்பரை மாற்றிக் கொடுக்கிறேன். பொங்கலுக்கு வெள்ளையடித்து கறை போய்விட்டது என்றாலும் பரவாயில்லை, வீட்டில் இரும்பு பீரோ இருக்குமே, துரு எதுவரை ஏறியிருக்கிறது என்று பாருங்கள்.